பூனைக்கு நாலாவது

ஜனவரி 12

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "விந்தணு, ஒரு மில்லிக்கு ஒரு கோடியே இருபது லட்சம்" என்றார். கோடி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னிடம் எதுவும் கோடிக்கணக்கில் இருந்ததில்லை. "கொஞ்சம் கம்மி" என்றார் உடனே. ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

என் மனைவியின் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. ஆக, குறை என் பக்கம். அதைச் சொல்லும்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டார். மருந்து, ஊசி என்று இப்போதே ஓட வேண்டாம், இயற்கையாகவே வாய்ப்பைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். தேதிகளைக் குறித்து வைக்கச் சொன்னார். அதற்காக வாங்கியதுதான் இந்த நோட்டு. உங்கள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று சொல்லி, இவள் என் தலையில் கட்டிவிட்டாள்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரன் தன் மனைவிக்கு ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நாலு கோடியே எண்பது லட்சம். அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவன் ஞாபகம்தான் எனக்கு.

ஜனவரி 13

நேற்று எழுத வெட்கமாக இருந்ததை இன்று எழுதுகிறேன்.

"சேர்ந்திருக்கற நாளை எப்படிக் கணக்குப் பண்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். பதினாலாவது நாள் என்றாள் இவள். "எதுலேர்ந்து பதினாலு?" நின்ற நாளிலிருந்து என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். இவளுக்கு இருபத்தாறு நாள் சுற்று. பன்னிரண்டாம் நாள் வாக்கில் கரு முட்டை வந்து காத்திருந்துவிட்டுப் போயிருக்கும். நாங்களோ பத்தொன்பதாம் நாள், குளித்து, புதுப் படுக்கை விரிப்பு போட்டு, விளக்கைக் குறைத்து. மூன்று வருஷமாக, ரயில் போன பிறகு பெட்டியோடு பிளாட்பாரத்தில் போய் நின்றிருக்கிறோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. அது முழுக்க என் யோசனை. அந்த ஒரு நாளுக்காகப் பத்து நாள் விலகி இருப்போம். மாவை ஊற விட்டால்தானே ரொட்டி பொங்கும் என்று இவளுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறேன். இவள் அதை அப்படியே டாக்டரம்மாவிடம் ஒப்பித்துவிட்டாள். "சேத்து வெச்சா பழசுதான் சேரும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தரம் சேர்ந்திருங்க, கணக்கே வேண்டாம்" என்றார். அதிகம் ஊறின மாவு அமுங்கிப்போகும் என்பது மற்ற யாரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் வேலையைக் கேட்டார். பேக்கரியில் அடுப்புப் பக்கம் என்றேன். "அந்தச் சூடு ஆகாது. மூணு மாசம் தள்ளி இருக்க முடியுமா? புதுசா உருவாகி வர அவ்வளவு நாள் ஆகும்."

அதே பேக்கரியில் சின்ன அடுப்பில் ஆறு வருஷமாக நிற்கிறவனுக்கு மூன்று பிள்ளைகள், அது எப்படி என்று கேட்டேன். "ஒருத்தர் உடம்பு மாதிரி இன்னொருத்தர் உடம்பு இருக்காது" என்றார். இது ஒரு பதிலா?

ஜனவரி 15

சிகரெட் இல்லை. இறுக்கமான பேண்ட் இல்லை. சுடுதண்ணீர்க் குளியல் இல்லை. ஒரு பிள்ளை பெறுவதற்குள் முற்றும் துறந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஜனவரி 18

முதலாளியம்மாவிடம் கேட்டுவிட்டேன். மூன்று மாதம் மாவு அறைக்கு மாற்றுங்கள், டாக்டர் சூடு ஆகாது என்கிறார் என்று. அவர் துருவிக் கேட்கவில்லை. "மத்தவங்ககிட்ட முதுகு வலின்னு சொல்லிக்கறேன், மாஸ்டர்" என்றார்.

பெரிய அடுப்பு பதினோரு வருஷமாக என் கையில் இருக்கிறது. அதில் நிற்பவனைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பதில் யார் என்று கேட்டேன். எனக்கே தெரியும். பூனைதான்.

அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்தவனும் நான்தான். காலடிச் சத்தமே கேட்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பால் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பான். அந்த மூன்று பிள்ளைகளின் அப்பா இவன்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

பிப்ரவரி 1

மாவு அறை. நாளைக்கு வேண்டிய மாவை மத்தியானமே பிசைந்து, அறை மாதிரி இருக்கும் குளிர் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வந்துவிடலாம். இத்தனை வருஷமாக நான் விடியுமுன்பே கிளம்பிவிடுவேன். இவள் கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வருவாள், நான் தூங்கியிருப்பேன். இன்று இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பேச ஒன்றும் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டோம்.

சேர்ந்திருக்கும் நாட்களில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பதாக ஏற்பாடு. இன்று ஒரு புள்ளி.

பிப்ரவரி 9

முதலாளியம்மா இன்று "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். நான் திரும்பினேன். அவர் கூப்பிட்டது பூனையை.

பிப்ரவரி 20

பூனையின் ரொட்டி நன்றாக இருக்கிறது. மேலே நிறம் சீராக வந்திருக்கிறது. என் கையில் இடது மூலை எப்போதும் ஒரு நூல் கருகும். இவனுக்கு அதுவும் இல்லை. ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இவள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன, ரொம்ப மெத்துன்னு இருக்கு?" என்றாள். மாவு பிசைந்தது நான் என்றேன். பொய் இல்லையே.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன?

பிப்ரவரி 27

இந்த மாதமும் வந்துவிட்டது. இவள் குளியலறையிலிருந்து வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டினாள். ஒரே மாதத்தில் என்ன எதிர்பார்த்தேன், நான் ஒரு பைத்தியம்.

மார்ச் 11

உடை மாற்றும் அறையில் பூனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "மறுபடியும் மாட்டிக்கிட்டேன்ணே. நாலாவது."

மாட்டிக்கிட்டானாம்.

எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன். வாழ்த்து சொன்னேன், பற்கள் எல்லாம் தெரிய. பிறகு குளிர் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எனக்கு ஒண்ணு கிடைக்கல. மூணு வருஷம். இவனுக்கு வேண்டாம் வேண்டாம்னாலும் கொட்டுது. நான் அடுப்பை விட்டேன், சிகரெட்டை விட்டேன், மாஸ்டர்ங்கற பேரையும் விட்டேன் — எல்லாத்தையும் இவன் எடுத்துக்கிட்டான், பிள்ளையையும் சேத்து. என்ன நியாயம் இது? இவனுக்கு என்ன அப்படி ஒசத்தி?

இவளிடம் சொன்னேன். "அவங்க வீட்டம்மாவுக்கு உடம்பு தாங்குமா?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

மார்ச் 14

பெரிய அடுப்பின் கதவு கீழ்நோக்கித் திறக்கும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. இன்று பின்பக்கமாகப் போனபோது அதன் சத்தம் கேட்டது. "டக்" என்று ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான். ஸ்பிரிங் தளர்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அப்புறம் பாதி திறக்கும்போதே கதவு தானாக விழுந்துவிடும். அன்றைக்கு நான் உடனே ஆள் வைத்து மாற்றிவிட்டேன். அந்தச் சத்தம் இந்தப் பேக்கரியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

சொல்லத்தான் போய் நின்றேன். பூனை திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, பழைய வீட்டைப் பார்க்க வந்தீங்களா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 15

சொல்லவில்லை. அவன்தானே மாஸ்டர்.

மார்ச் 17

புள்ளி. இவள் கேட்டாள், "மனசு எங்க இருக்கு உங்களுக்கு?"

மார்ச் 19

விழுந்துவிட்டது.

காலை இரண்டாவது சுற்று. இன்று மாவு கணக்கு பார்க்க நான் சீக்கிரமே போயிருந்தேன். கதவு மோதிய சத்தம் கேட்டது, பின்னாலேயே ஆவி சீறியது. நான் ஓடுவதற்குள் பூனை தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. கத்தவில்லை. ஒரே ஒரு முறை "அம்மா" என்றான்.

குழாய்க்கு அடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். "உங்க கை ஜில்லுன்னு இருக்குண்ணே, விடாதீங்க" என்றான். ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள்.

மார்ச் 20

மெக்கானிக் வந்து ஸ்பிரிங்கை மாற்றினார். பத்து நிமிட வேலை.

பூனைக்கு ஆறு வாரம் ஓய்வாம். முதலாளியம்மா என்னிடம் வந்து, "அதுவரைக்கும் நீங்க நில்லுங்க, மாஸ்டர். வேற ஆள் போட்டா அவன் இடம் போயிடும்" என்றார். மாஸ்டர் என்ற சொல் காதில் விழுந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. எப்படி முடியாது என்று சொல்வேன்? சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏழு வாரம் தள்ளி இருந்தது எல்லாம் போயிற்று. இனி அடுப்பை விட்டு இறங்கும் நாளிலிருந்து அந்த மூன்று மாதத்தை மறுபடி தொடங்க வேண்டும்.

மார்ச் 21

இவளிடம் சொல்லிவிட்டேன், சத்தம் கேட்டது முதல் எல்லாவற்றையும். முதலில் அவள், நான் அடுப்புக்குத் திரும்புகிறேன் என்பதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சே விட்டீங்களா?" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றேன். "அஞ்சு நாளா நாளைக்கா?"

அப்புறம் நிதானமாக, கடையில் கண் பார்க்க வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் கேட்டாள். "உங்களுக்குக் குழந்தை வேணுமா, இல்ல பூனைய ஜெயிக்கணுமா? எனக்குத் தெரிஞ்சாகணும். ஏன்னா நான் சத்து மாத்திரை முழுங்கறது குழந்தைக்கு."

இரண்டும் வேண்டும் என்பதுதான் உண்மை. அதை அவளிடம் சொல்ல முடியுமா?

மார்ச் 23

அடுப்பில் மூன்றாம் நாள். எட்டு மணிக்குப் பூனை வந்து நின்றான். கழுத்தில் கட்டுப் போட்டுக் கை தொங்குகிறது. ஓய்வில் இருக்கச் சொன்னார்களே என்று எல்லோரும் திட்டினோம். முதலாளியம்மாவிடம் போய் ஏதோ பேசினான். திரும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேக்கிங் பக்கத்து அக்காவைக் கூப்பிட்டான். அந்த அக்கா மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவர். "நான் வாயால சொல்றேன், அக்கா கையால செய்வாங்க" என்றான்.

நான் ரொட்டி தள்ளுகிற துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான். "நீங்க மாவு ரூமுக்குப் போங்கண்ணே. இன்னும் அஞ்சு வாரம்தானே. மூணு நாள் சூட்டுல ஒண்ணும் ஆயிடாது."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "நீங்க முதலாளியம்மாகிட்ட கேட்டப்ப நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். முதுகு வலிக்கு யாராவது மாவு பிசையப் போவாங்களா?"

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் "நாலாவது" என்று உடை மாற்றும் அறையில் சொன்னபோது ஏன் "மாட்டிக்கிட்டேன்" என்றான்? நான் நிற்கிறேன் என்பதால்தான் அப்படிச் சொன்னானோ? பெருமையாகச் சொல்லக் கூடாது என்றா?

ஐயோ.

மார்ச் 30

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. இன்று வேலை முடிந்து அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஸ்பிரிங் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும், அஞ்சு நாளாகத் தெரியும், சொல்லவில்லை. உன் மேல் வயிற்றெரிச்சல். இதே வார்த்தைகளில் சொன்னேன்.

பரவாயில்லை என்பான் என்று ஒரு நப்பாசை இருந்தது எனக்கு. அவன் சொல்லவில்லை. ஒற்றைக் கையால் செருப்பு வாரை மாட்டி முடித்தான். "வீட்டுல என் கையை நம்பித்தான்ணே எல்லாரும் சாப்பிடறாங்க" என்றான். போய்விட்டான்.

ஏப்ரல் 2

மறுபடி முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். என்னிடம் பேசவில்லை. நான் அடுப்புப் பக்கம் போனால் அக்காவிடம், "அவரை உள்ளே போகச் சொல்லுங்க" என்கிறான். கோபத்திலும் கணக்கு மாறவில்லை.

ஏப்ரல் 8

புள்ளி இல்லாத மூன்றாவது வாரம். தப்பு இவளுடையது இல்லை.

ஏப்ரல் 16

இவள் மறுபடி என்னோடு பேச ஆரம்பித்தாள். நான் பூனையிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்த பிறகு இரண்டு வாரம் யோசித்திருக்கிறாள். "இனிமே அவர் ரிப்போர்ட், இவர் ரிப்போர்ட்னு யார் பேச்சும் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது" என்றாள். சரி என்றேன்.

புள்ளி.

மே 4

மறுபரிசோதனை. மூன்று கோடியே பத்து லட்சம். டாக்டரம்மா சிரித்தார், இவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு அந்த மீசை முளைக்காதவனின் நாலு கோடியே எண்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இந்தப் புத்தியைக் கழற்றி எங்கே வைப்பது?

மே 6

பூனையின் கட்டு பிரித்தாகிவிட்டது. கையில் தோல் வேறு நிறமாக இருக்கிறது. அடுப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேனா என்று முதலாளியம்மா கேட்டார். வேண்டாம், இப்போதைக்கு மாவு அறையிலேயே இருக்கிறேன் என்றேன். குழந்தைக்காக என்று பாதி. பெரிய அடுப்பு முன்னால் நின்று அவன் கையைப் பார்க்க முடியாது என்று மீதி.

ஜூன் 11

இல்லை. இந்த முறை இவள் தலையாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன தடவைகள் மாதிரி வேறு அறைக்குப் போகவில்லை.

ஜூலை 14

இருபத்தாறு நாள்காரிக்கு இன்று முப்பத்து மூன்று. கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 15

ஆமாம்.

எழுத்து கோணலாக வருகிறது. டாக்டரம்மாவும் பார்த்துச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று இவள் கட்டளை.

எனக்கு முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது என்று எழுதினால் இவள் கொன்றுவிடுவாள். ஜெயித்தேன் என்று சொல்ல இல்லை. வேறு எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. நீ முக்காலியில் உட்கார்ந்ததால்தான் என்று சொல்லலாமா? அவன்தான் என்னோடு பேசுவதில்லையே.

செப்டம்பர் 3

இவள் தானே போட்ட கட்டளையைத் தானே மீறிவிட்டாள். கண்ணாடி மாற்ற வந்த பூனை வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் கடையிலேயே அழுதார்களாம்.

செப்டம்பர் 4

குளிர் பெட்டிக்குள் ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்றான். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்கண்ணே. மல்லாக்கப் படுக்க விடாதீங்க" என்றான்.

சரி என்றேன். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. குளிரில் கண் கலங்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் 20

பூனைக்கு நாலாவது பிறந்தாயிற்று. பெண். பார்த்துவிட்டு வந்தோம். என் கையில் கொடுத்தான். கொடுத்த கை அந்த வலது கை.

மே 17

காலை 5.40, பால், இடது, பன்னிரண்டு நிமிடம்.

8.15, வலது. பாதியில் பாப்பா தூங்கிவிட்டாள்.

10.50, இடது. ஏப்பம் வந்தது. சட்டை மாற்றினேன், என்னுடையதை.

1.30, வலது, பதினைந்து நிமிடம்.

4.05, மறந்துவிட்டோம், எந்தப் பக்கம் என்று இருவருக்கும் நினைவில்லை. சண்டை.

மாலையில் பூனை குடும்பத்தோடு வந்தான். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசத்துல எங்க நாலாவது அஞ்சு கிலோ எண்ணூறு இருந்தா, அண்ணே" என்றான், சும்மா பேச்சுக்குத்தான். நம்முடையது ஐந்து கிலோ இருநூறு. அவர்கள் போனதும் இவளிடம் சொன்னேன், அந்த ஆஸ்பத்திரித் தராசு சரியில்லை என்று. நாளைக்குப் பேக்கரித் தராசில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.